விளையாட்டுக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்?

பள்ளி ஆசிரியர்களிடமும் கிராமங்களில் பணிபுரியும் அலுவலர்களிடமும் பொதுமக்கள் கேட்கும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. உர அளவையும் தடுப்பூசியையும் பற்றி விசாரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு ஒன்றைக் கேட்கிறார்கள்: "கம்ப்யூட்டர் வாங்கப் போகிறோம்; எத்தனை ஜிபி 'ராம்' போடச் சொல்லலாம்?" படிப்புக்காக என்று பெற்றோர் சொல்வார்கள். பையன் மனத்தில் இருப்பது விளையாட்டு. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரின் உறுப்புகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் கடுமையாக வேலை வாங்குவது விளையாட்டுத்தான். விளையாட்டுக்குப் போதுமான யந்திரம், நில அளவைப் படங்களைப் பார்ப்பதற்கும் பாடப் படம் தயாரிப்பதற்கும் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும்.

பெங்களூரில் டவுன்ஹாலுக்கு அருகிலுள்ள எஸ்.பி. ரோட்டில், கம்ப்யூட்டரை உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள விரும்புவோர் வந்து கூடுகிறார்கள். ஓசூரிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும்கூடத் தகப்பனும் மகனுமாக வந்து கடை கடையாக ஏறி இறங்குவதைக் காணலாம். அங்கே ஏறக்குறைய எல்லா உறுப்புகளையும் பற்றி விவாதம் நடக்கிறது. நினைவகத்தைப் பற்றி மட்டும் விவாதமில்லை. "அதிகம் இருந்தால் நல்லதுதானே" என்ற ஒரே வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த வாக்கியம் தவறு என்பது என் அபிப்பிராயம். நினைவகம், போதிய அளவை எட்டும்வரை மிகவும் அவசியமானது. அதைத் தாண்டிய பின் வேகத்தை ஏறக்குறையச் சிறிதும் கூட்டாதது. போதிய அளவு எது என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே அளந்து அறியலாம். அளக்காமல் வாங்குவதால் சம்பளக்காரக் குடும்பங்களுக்கு உண்மையான நஷ்டம் ஏற்படுகிறது.

பெங்களூர் வீடுகளின் தண்ணீர் ஏற்பாட்டை நினைவில் கொண்டால் இது எளிதில் விளங்கும். நிலத்துக்கு அடியில் பெரிய தொட்டி ஒன்று உண்டு; இங்கே அதை 'சம்ப்' என்பார்கள். மாடியின்மேல் சிறிய தொட்டி ஒன்று. மோட்டார் போட்டு நீரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டால், குழாயைத் திறந்ததும் நீர் வருகிறது. கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க் என்பது சம்ப். நினைவகம் என்பது மாடித் தொட்டி. குழாயடியில் குடத்துடன் காத்திருப்பது பிராசஸர். மாடித் தொட்டி சிறியதானால் குளிக்கும்போதே நீர் நின்றுவிடும்; மோட்டாரை மறுபடியும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் நால்வர் மட்டுமே இருக்கையில், ஐநூறு லிட்டர் தொட்டியை அகற்றி ஐயாயிரம் லிட்டர் தொட்டியை வைத்தால் குழாயில் வரும் நீரின் வேகம் கூடுமா? கூடாது. அந்த வேகத்தை நிர்ணயிப்பது குழாயின் அகலம்.

இந்த உவமைக்குப் பின்னாலுள்ள எண்களையும் பார்ப்போம். பிராசஸர் நினைவகத்திலிருந்து ஒரு தகவலைப் பெறச் சுமார் நூறு நானோ செகண்டு ஆகிறது. நல்ல எஸ்எஸ்டி ஒன்றிலிருந்து பெற அதைப்போலப் பல நூறு மடங்கு காலம் ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பெறவோ ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு ஆகிவிடும். நினைவகத்தில் இடம் தீர்ந்ததும், விண்டோஸ் தன் சுமையில் ஒரு பகுதியை எஸ்எஸ்டியில் இறக்கி வைக்கிறது. விளையாட்டின் நடுவே படம் ஒரு கணம் உறைந்து நின்று பிறகு துள்ளிக் குதிப்பது இதனால் நேரலாம். ஆகையால் பற்றாக்குறையை நான் அற்பமாகக் கருதவில்லை. நான் அறிந்த ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில், 4 ஜிபி நினைவகம் கொண்ட பத்துப் பன்னிரண்டு பழைய யந்திரங்கள் இருந்தன. ஒன்றைத் திறந்து மாணவர் உள்ளே நுழைவதற்குள் பாடவேளையில் கால் பகுதி கழிந்துவிடும். யந்திரங்களையே மாற்றிவிடலாம் என்று தீர்மானித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் இன்னொரு 4 ஜிபி ஸ்டிக்கைச் செருகி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிறிய எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள்.

குறைந்த நினைவகத்தில் பெரிய காரியம் செய்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் கட்டி, 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கம்ப்யூட்டரின் நினைவகம் 2,048 சொற்கள் கொண்டது. ஒரு சொல்லுக்கு 40 பிட்டுகள். இன்றைய கணக்கில் அது மொத்தம் பத்துக் கிலோபைட். இப்போது கடையில் சாதாரணமாகக் கேட்கும் 16 ஜிபி, அதைப்போல் பதினாறு லட்சம் மடங்குக்கும் மேல். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்கள் சிலரும் ஒரு நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்து 2001-இல் காட்டிய சிம்ப்யூட்டர், 32 மெகாபைட் நினைவகத்தைக் கொண்டு வேலை செய்தது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை; ஒவ்வொரு பைட்டையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று என்பதற்காகவே சொன்னேன்.

விளையாட்டுகளைத் தயாரிப்பவர்கள் அறிவிக்கும் தேவை எப்படி வளர்ந்தது? 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' குறைந்தபட்சம் 4 ஜிபி கேட்டது. 8 ஜிபி நல்லது என்றது. 2020 இறுதியில் வந்த 'சைபர்பங்க் 2077' வெளிவந்தபோது கேட்டவை 8, 12. 2023-இல் 'ஆலன் வேக் 2' வந்தபோது 16 ஜிபி என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். விமானம் ஓட்டும் பயிற்சியை அப்படியே நிகழ்த்திக் காட்டும் 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024' மட்டும் 16-இல் தொடங்கி, 32 நல்லது என்றும், மிகச் சிறந்த அனுபவத்துக்கு 64 என்றும் கூறியது. மறுபுறம், நம் கல்லூரி மாணவர்கள் இரவு முழுவதும் கூட்டமாக விளையாடும் 'வேலரண்ட்' 4 ஜிபியும், 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' 8 ஜிபியும் குறைந்தபட்சமாகக் கேட்பவை. பத்து ஆண்டுகளில் தேவை நான்கு மடங்காகியிருக்கிறது. ஆனால் 64 ஜிபியைப் பற்றிப் பேசும் விளையாட்டு விரல்விட்டு எண்ணக்கூடிய அபூர்வம்.

இனி என் குடும்பத்திலேயே நடந்த ஒன்று. அல்சூரில் வசிக்கும் என் தங்கையின் மகன் கல்லூரியில் படிக்கிறான். டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்துடன் தகப்பனார் கொடுத்ததையும் சேர்த்துக்கொண்டு, 2025 கோடையில் கம்ப்யூட்டர் வாங்கப் புறப்பட்டான். கடையின் பெயர் இங்கே வேண்டாம். இத்தகைய ஆலோசனை பல இடங்களிலும் கிடைப்பதுதான். 16 ஜிபி ஸ்டிக்குகள் நான்கு, மொத்தம் 64 ஜிபி போட்டுக்கொண்டால் பத்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்றார்கள். தொகை எல்லை மீறியதும் எதைக் குறைப்பது என்ற கேள்வி எழுந்தது. கிராபிக்ஸ் கார்டு ஒரு படி கீழே இறங்கியது. வீட்டுக்கு வந்து யந்திரத்தைப் பூட்டிய முதல் வாரம் சந்தோஷம். இரண்டாம் வாரம், "மாமா, என் சிநேகிதனிடம் 16 ஜிபிதான் இருக்கிறது, அவனுக்குப் படம் என்னைவிடச் சீராக ஓடுகிறது" என்று வந்து நின்றான்.

நானும் அவனும் உட்கார்ந்து அளந்தோம். வாசகர்கள் தம் மாணவர்களுக்கும் செய்து காட்டத்தக்க சோதனை இது. விளையாட்டை அரை மணி நேரம் ஓட விட்டு, வழக்கம்போல் பிரவுசரையும் நண்பர்களுடன் பேசும் செயலியையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் நினைவகம், பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் எவ்வளவு உழைக்கிறது என்பது வரைபடமாகத் தெரியும். அவனுடைய யந்திரத்தில் 64 ஜிபியில் பயன்பட்டது 17 ஜிபி. கிராபிக்ஸ் கார்டோ தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. தொட்டியில் முக்கால் பாகத்தைத் தொடவே ஆளில்லை. அடைப்பு இருந்த இடம் வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்த 17 ஜிபி, விளையாட்டின் உண்மையான தேவை ஆகாது. இடம் தாராளமாக இருப்பதைக் கண்டால் விண்டோஸும் செயலிகளும் தாராளமாகப் பரப்பி வைத்துக்கொள்ளும். இடம் குறைந்தால் அடக்கமாக நடந்துகொள்ளும். காலியாகத் தோன்றும் நினைவகத்திலும் அண்மையில் படித்த கோப்புகளின் பிரதியை வைத்துக்கொள்வதால், "காலியான நினைவகம் முழுவதும் வீண்" என்பது சரியன்று என்று சிலர் வாதிப்பார்கள். அந்த வாதம் நியாயமானதே. எனினும் வேகமான எஸ்எஸ்டி உள்ள யந்திரத்தில், விளையாடுகிறவர் அந்த லாபத்தைக் கண்ணால் உணர்வது அரிது. 16 ஜிபி யந்திரத்தில் இதே சோதனையைச் செய்யும்போது 14-க்கு மேல் ஏறி நின்று, ஆட்டமும் திக்கினால், கூடுதல் நினைவகம் வேண்டும் என்று பொருள். 11, 12-இல் நின்றால் பணத்தை வேறு எதிலாவது போடலாம்.

மற்றொரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டின்மேல் அதற்கே உரிய நினைவகம் தனியாக உண்டு. அங்கே 8 ஜிபி இருப்பதும் மதர்போர்டில் 16 ஜிபி இருப்பதும் இரண்டு வேறு கணக்குகள். ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்ய முயன்றால் வேகம் படுத்துவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத யந்திரத்திலோ, படம் வரைவதற்கான இடமும் பொது நினைவகத்திலிருந்தே கழிகிறது. அத்தகைய யந்திரத்தில் 8 ஜிபி என்பது உண்மையில் 8 ஜிபி அன்று. ஏழை மாணவர் வாங்கும் யந்திரம் பெரும்பாலும் அதுவே என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குழாயின் அகலத்துக்கு வருவோம். இந்த மதர்போர்டுகளில் நினைவகத்துக்கும் பிராசஸருக்கும் இடையே இரண்டு பாதைகள் உள்ளன. ஒரே ஸ்டிக்கைச் செருகினால் ஒரு பாதை மட்டும் வேலை செய்யும். இரண்டைச் சரியான ஸ்லாட்டுகளில் செருகினால் இரண்டும் வேலை செய்யும். டிடிஆர்-4 வகையில் 3200 வேகமுள்ள ஸ்டிக் ஒன்று செகண்டுக்கு 25.6 ஜிபி கடத்தவல்லது. இரண்டு சேர்ந்தால் 51.2. டிடிஆர்-5 வகையில் 6000 வேகமுள்ளவை இரண்டு சேர்ந்தால் 96. ஆகவே 16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி இரண்டு, 32 வேண்டுமென்றால் 16 இரண்டு. நான்கு ஸ்டிக்குகள் போட்டால் வேகம் இன்னும் இரட்டிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பாதைகள் இரண்டுதான், டிடிஆர்-5 யந்திரங்கள் பலவற்றில் நான்கு ஸ்டிக்குகளையும் நிலையாக இயக்கக் கடிகார வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. என் மருமகன் அதிகம் செலவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டவன். பெட்டியின்மேல் அச்சிட்ட வேகமும் தானாக வந்துவிடாது. பயாஸில் நுழைந்து எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கிய பிறகுதான் வரும். இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்காக ஓடும் யந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது. டிடிஆர்-4, டிடிஆர்-5 ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது என்பதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் ஊருக்குத் திரும்பிய பின் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குத் தயக்கமில்லை. தயக்கம் உள்ள இடம் இனிமேல் வருகிறது. பல ஆண்டுகளாக நான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்த யோசனை: "இப்போது 16 ஜிபி போதும், நினைவகம் விலை இறங்கும் பொருள், தேவைப்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்." 2025 இறுதியில் அந்த யோசனை பொய்த்தது. உலகின் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். செயற்கை அறிவுக்கான பெரும் கணினி நிலையங்கள் கேட்ட உயர்வகை நினைவகத்தைச் செய்வதற்கு அந்நிறுவனங்கள் தம் ஆலைகளைத் திருப்பின. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ஸ்டிக்குகள் அருகின. சில மாதங்களில் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான், 'குரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்தது. என் பேச்சைக் கேட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்களில் இருவர் வந்து என்னிடம் நியாயம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் சமாதானம் ஏதும் இல்லை.

அதற்காக, "கிடைக்கும்போதே அள்ளிக்கொள்" என்ற கட்சிக்கு நான் மாறிவிடவில்லை. யோசனையை இப்படித் திருத்திக்கொண்டேன். பிறகு சேர்க்கலாம் என்ற நம்பிக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு எந்த விளையாட்டு, எந்த வேலை என்று எண்ணி, அதற்குப் போதுமானதை ஒரே தடவையில் வாங்குங்கள். சாதாரணமாக விளையாடுபவர்களுக்கு 16 ஜிபி. புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளை விளையாடுவதோடு, படத்தொகுப்போ நிலப்பட வேலையோ செய்பவர்களுக்கு 32. அதுவும் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி இறக்காமல் வாங்க முடிந்தால் மட்டும். 64 ஜிபி வேண்டும் என்பவர், தம் வேலையில் 32 நிரம்பியதை அளந்து காட்ட வேண்டும் என்று நான் கேட்பேன். பெரும்பாலோரால் காட்ட முடியவில்லை. நினைவகத்தை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடும் மெல்லிய லேப்டாப்புகளில் பின்னர் சேர்க்கவே வழியில்லை. அவற்றை வாங்கும்போது மட்டும் ஒரு படி தாராளமாக இருக்கலாம். ஏற்கெனவே டிடிஆர்-4 யந்திரம் வைத்திருப்பவர், புதிய வகைக்கு மாற வேண்டும் என்பதற்காகவே மதர்போர்டு, பிராசஸர் எல்லாவற்றையும் மாற்றும் செலவில் இறங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

பழைய ஸ்டிக்குகளை வாங்குவது குற்றமன்று. நினைவகம் தேய்ந்துபோகும் பொருளன்று. கெட்டால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கெட்டுவிடும். யந்திரத்தில் செருகி, நினைவகச் சோதனை நிரல் ஒன்றை இரவு முழுவதும் ஓட விட்டுப் பிழையின்றி வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது. எழுதித் தரத் தயங்கும் இடத்தில் வாங்காமல் அடுத்த கடைக்குப் போகலாம். அந்த வீதியில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

என் மருமகனின் கதை முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 டிசம்பரில், சும்மா கிடந்த நான்கு ஸ்டிக்குகளில் இரண்டைக் கழற்றி விற்றான். அவ்விரண்டுக்கும் கிடைத்த தொகை, நான்குக்குமாகக் கோடையில் அவன் கொடுத்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு. பழைய கிராபிக்ஸ் கார்டையும் விற்று, இரண்டு தொகையையும் சேர்த்து, முதலில் வாங்க நினைத்த கார்டை வாங்கிக்கொண்டான். மீதமுள்ள இரண்டு ஸ்டிக்குகளும் இப்போது அச்சிட்ட வேகத்தில் ஓடுகின்றன. "நீங்கள் சொன்னபடி அன்றைக்கே 16 மட்டும் வாங்கியிருந்தால் இந்தப் பணம் வந்திருக்குமா, மாமா?" என்று அவன் கேட்டபோது, வராது என்று ஒப்புக்கொண்டேன்.